நோட்டரியின் கடைசி எட்டு விதைகள்

மொந்தேவிதேயோ, 4 செப்டம்பர்

நிபியா,

உன்னைத் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது என்று நீ சொல்லி நான்கு வருடம் ஆகிறது. "போன்ல நீ உன் குரலத்தான் கேட்டுக்கிட்டு இருக்கே" என்றாய். கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆயுள் முழுக்கப் பத்திரிகையில் பிழை திருத்தியவன் என்ற முறையில், சொல்லாமல் விட்டதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறேன்.

சமையலறை இழுப்பறை நேற்று கழன்று விழுந்தது. அதன் பின்னால் உன் பிஸ்கட் டப்பா. உள்ளே நோட்டரியின் விதைகள், எட்டு. புலித்தோல் போன்ற வரிகள் அப்படியே இருக்கின்றன. நம் கஞ்சாச் செடிக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்: அதைப் புகைத்தவர்கள், யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்று காலையிலேயே தபால் அலுவலகம் போய், சட்டப்படி வீட்டில் கஞ்சா வளர்ப்பவன் என்று என் பெயரைப் பதிந்துகொண்டேன். கவுண்டரில் இருந்த பெண், "எத்தனை செடி வச்சிருக்கீங்க, ஐயா?" என்றாள்.

"செடி இல்லம்மா. விதைதான்."

"முளைக்குமா?"

"அத விதையத்தான் கேக்கணும்."

"ஆறு செடிக்கு மேல போகாதீங்க" என்று என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க போக மாட்டீங்க."

அதே கவுண்டரில் இந்தக் கடிதத்துக்குத் தபால்தலையும் வாங்கினேன். குடியரசு முன்னேறியிருக்கிறது.

ஒரு சிறு தகவல் தேவை. இந்த விதையை நீ எப்படி முளைக்க வைப்பாய்? பார்த்ததாக நினைவில்லை. அப்போதெல்லாம் நான் வேறு அறையில் இருந்திருக்கிறேன்.

மில்டன்

*

சான் கிரிகோரியோ, 10 செப்டம்பர்

மில்டன்,

அந்த டப்பாவை இந்த வீட்டில் நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சுவரை மட்டும்தான் இடித்துப் பார்க்கவில்லை.

விதைகளை அனுப்பு. எட்டையும். நோட்டரியின் பூவில் காய்ச்சிய களிம்பு தீர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. கடையில் விற்பதையும் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததையும் தடவிப் பார்த்தேன்; கை வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். மொந்தேவிதேயோவில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துப் போட்ட விரல்கள் இப்போது சட்டைப் பித்தானைப் போட மறுக்கின்றன. எல்லாம் கற்பனை என்கிறார் டாக்டர். என் விரல்களுக்குக் கற்பனை நன்றாக வருகிறது, அதற்கு ஒத்துவரும் களிம்பு அது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த எட்டு போனால் நோட்டரி உலகத்தில் வேறெங்கும் இல்லை.

நீயே செய்து பார்ப்பேன் என்று அடம்பிடிப்பாய் என்பதால் முறையையும் எழுதுகிறேன். படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீரில் விதையைப் போடு. காலையில் அடியில் கிடப்பவை உயிருள்ளவை. மிதப்பது செத்தது, எறிந்துவிடு. மற்றவற்றை ஈரமான பேப்பர் நாப்கின் இரண்டுக்கு நடுவே வைத்து, ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடு. வெளிச்சம் வேண்டாம். கதகதப்பான இடம், குளிர்சாதனப் பெட்டியின் தலை போதும். நாப்கின் காயவே கூடாது, நீந்தவும் கூடாது. நாலைந்து நாளில் வெள்ளையாக ஒரு வால் வரும். வந்ததும் வால் கீழே இருக்கும்படி மண்ணில் இறக்கிவிடு.

இதில் கஷ்டமானது எதுவும் இல்லை. ஆனாலும் உன் கையில் கொண்டைக்கடலைகூட முளைக்காது. அனுப்பிவிடு.

நிபியா

*

மொந்தேவிதேயோ, 19 செப்டம்பர்

நிபியா,

உன் கடிதம் தெளிவாக இருந்தது. ஒரு பிழைதான். 'கதகதப்பான' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தாய், பென்சிலால் சேர்த்துவிட்டேன்.

விதைகளை அனுப்பப் போவதில்லை. காரணம், கொண்டைக்கடலை. நான் முளைக்க வைத்து, வளர்த்து, பூவைக் கையோடு கொண்டுவந்து உன் வாசலில் கொடுப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி பஸ் ஏறுவேன்.

வேலை தொடங்கிவிட்டது. நான்கை டம்ளரில் போட்டேன். மூன்று மூழ்கின. ஒன்று மேலே மிதந்துகொண்டு, நாடாளுமன்ற உறுப்பினர் போல எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது. நீ சொன்னபடி எறிந்துவிட்டேன்: காலையில் மாத்தே இலையை ஊறவைத்துக் குடித்து முடித்ததும், குடுவையிலிருந்த சக்கையோடு சேர்த்து, பால்கனியில் செத்துப்போன ஜெரேனியத் தொட்டிக்குள். அந்தத் தொட்டிக்கு இந்த வீட்டில் வேறு வேலை இல்லை.

மூன்றும் இப்போது தட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் 29ஆம் தேதி நியோக்கி உருண்டை சாப்பிடுவோமே, அந்தத் தட்டுகள். பகலில் அவற்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மாத்தே குடித்தபடி, நாப்கினைக் காயவே விடாமல் கவனிக்கிறேன். எந்த விதைக்கும் இதைவிடக் கவனமான காவலாளி கிடைத்திருக்க மாட்டான்.

கட்டடக் காவலாளி பெலார்மினோ மேலே வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"தோன் மில்டன், இதுக்கு ஒரு மியூசிக் போட்டு விடுங்க."

"முளைக்குமா?"

"அது தெரியாது. உங்களுக்குப் பொழுது போகும்."

மில்டன்

*

சான் கிரிகோரியோ, 26 செப்டம்பர்

மில்டன்,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க மழை. அடுப்படியில் ரொட்டி பொரித்துக்கொண்டே படித்தேன். இரண்டு ரொட்டி கருகியது. அதற்குக் காரணம் நீ அல்ல, ஆனால் நீ என்று எழுதிக்கொள்வதில் ஒரு திருப்தி இருக்கிறது.

இன்றைக்கு ஏழாவது நாள். வால் வந்திருந்தால் தந்தி அடித்திருப்பாய். வரவில்லை. அப்படியென்றால் அந்த மூன்றும் போயின. மீதி நாலு.

எதில் தப்பு என்று தெரியவில்லை. பழைய விதைதான், ஆனால் மூழ்கிய விதை மூன்றும் சேர்ந்து ஏமாற்றாது. வெளிச்சத்தில் வைத்தாயா? விரலால் நோண்டினாயா? உன்னை எனக்குத் தெரியும், கொஞ்சம் நோண்டியிருப்பாய்.

கெஞ்சுவது எனக்கு வராது. பிரசவ அறையில் கெஞ்சுவது அடுத்தவர்கள்தான். ஆனாலும் கேட்கிறேன்: அந்த நாலை அனுப்பு. நேற்று செனட்டரின் கழுத்துப்பட்டையை மாட்டப் போய், கொக்கியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் அது பொறுமையிழந்து தானே வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நாய்க்கே என்மேல் பரிதாபம் வந்தால் எங்கே போய் நிற்பது.

அனுப்ப மாட்டேன் என்றால், நாப்கின் உனக்கு வேண்டாம். நேராக மண்ணில் போடு. தயிர் டப்பா, லேசான மண், நகத்தின் ஆழத்துக்கு ஒரு குழி. மேலே தண்ணீர் தெளித்து, மறந்துவிடு. மறப்பதில் உனக்கு அனுபவம் உண்டு.

நிபியா

*

மொந்தேவிதேயோ, 9 அக்டோபர்

நிபியா,

இந்த முறை உன் கடிதத்தில் பிழையே இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டைத் தயிர் டப்பாவில் போட்டேன். நகத்தின் ஆழம், லேசான மண், எல்லாம் நீ சொன்னபடி. மறக்கத்தான் முடியவில்லை. சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போகும்போது டப்பாக்களையும் எடுத்துப் போனேன். எல்லோரும் நாயைக் கூட்டி வருகிறார்கள். சுவரில் உட்கார்ந்து, கடல் போல விரிந்த ஆற்றைப் பார்த்து, நான் ஒரு குடுவை மாத்தே குடித்தால் அவற்றுக்கும் ஆளுக்கு ஒரு வாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டாள்:

"டப்பால என்ன வச்சிருக்கீங்க?"

"என் முன்னாள் மனைவியோட மருந்து."

"அவங்க எங்க?"

"தக்குவரெம்போ பக்கம்."

"நல்லவேளை" என்றாள். யாருக்கு நல்லவேளை என்று சொல்லவில்லை.

இன்று காலை தாங்க முடியாமல் மண்ணைக் கிளறினேன். இரண்டும் இருந்தன. எடுத்து அழுத்தினால் விரலோடு நசுங்குகின்றன, அவித்த பயறு போல. பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. உள்ளே வெந்தது மாதிரி ஒரு வாடை.

உன் பிஸ்கட் டப்பாவில் இன்னும் இரண்டு இருக்கின்றன. அதன் மூடியைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்வதற்கும்தான். ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை.

மில்டன்

*

சான் கிரிகோரியோ, 14 அக்டோபர்

மில்டன்,

உன் கடிதங்களை மேஜையில் வரிசையாக வைத்துப் படித்தேன். விதை வருகிற இடமெல்லாம் மாத்தே வருகிறது. குழாய் ஓரிடத்திலும் வரவில்லை.

பிளாஸ்க்.

மாத்தேக்கு வைத்திருக்கும் வெந்நீரை நீ பிளாஸ்கிலிருந்து ஊற்றியிருக்கிறாய். காலையில் கக்கத்தில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும் அந்தப் பிளாஸ்கிலிருந்து. நம் திருமணப் புகைப்படத்திலும் அது இருக்கிறது, எனக்கும் உனக்கும் நடுவில். தண்ணீர் என்றால் எங்கிருந்து என்று நான் எழுதவில்லை. வெளியே போகிறவனிடம் கதவைத் திறந்துகொண்டு போ என்று யாராவது எழுதுவார்களா?

எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். பதறிப்போன அப்பன்மார் எல்லாரும் சுடுதண்ணி, சுடுதண்ணி என்று ஓடுவார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி, "ஐயா, அது உங்களுக்கு மாத்தே போட. பிள்ளை அதுவா வரும்" என்பேன். அந்த வாக்கியத்தை நாற்பது வருடம் ஒரே வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவன் நீ.

மீதி இரண்டை உடனே தபாலில் போடு. தொடாதே, நனைக்காதே, அதற்குத் தைரியம் சொல்லாதே. போடு.

நிபியா

*

மொந்தேவிதேயோ, 17 அக்டோபர்

நிபியா,

பிளாஸ்க்தான்.

கடிதத்தைப் படித்ததும் அதைக் கக்கத்திலிருந்து இறக்க நினைத்தேன். கை கேட்கவில்லை. கடிதத்தை மறுபடி படித்தபின்தான் கேட்டது. நாள் முழுக்க ஒரு கை காலியாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஐந்து விதைகளை அவித்தேன், மிகுந்த அக்கறையோடு. முதல் நாளே உனக்கு அனுப்பியிருக்க வேண்டும். கொண்டைக்கடலையைப் பற்றி நீ சொன்னது சரி.

இரண்டையும் நாப்கினில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். காய்ந்த நாப்கின். உறை நன்றாக ஒட்ட வேண்டுமே என்று, வழக்கம்போல அகராதியின் இரண்டு பாகங்களையும் மேலே வைத்து, அவற்றின் மேல் நானும் உட்கார்ந்து எழுந்தேன். வழியில் பிரியவே பிரியாது.

மில்டன்

*

சான் கிரிகோரியோ, 21 அக்டோபர்

மில்டன்,

உறை பிரியவில்லை. கத்தியால்தான் திறந்தேன்.

உள்ளே நாப்கினில் எண்ணெய்க் கறை இரண்டு. ஓட்டுத்தூள் கொஞ்சம். அகராதியில் இந்த நிலைமைக்கு ஒரு சொல் இருக்கும், எந்தப் பாகத்தில் என்று தேடிப் பார்.

நேற்று முழுக்கக் கோபமாக இருந்தேன். இன்று ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். கோபம் இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது இந்த வயதில் வேலை. நீ கெட்டவன் இல்லை. எதைக் கையில் எடுத்தாலும் திருத்தாமல் விடமாட்டாய், அதுதான் உன் கோளாறு. நான் பேசும்போதும் அதைத்தான் செய்தாய்.

நோட்டரி முடிந்தது. பித்தான் இல்லாத சட்டை இரண்டு வாங்கிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் எழுதாதே.

நிபியா

*

மொந்தேவிதேயோ, 6 நவம்பர்

நிபியா,

எழுதாதே என்றாய். கீழ்ப்படிந்துகொண்டுதான் இருந்தேன். மன்னித்துக்கொள்.

வெட்கத்தில் பால்கனிப் பக்கமே போகாமல் இருந்தேன். மாத்தே படுக்கையறையில், ஜன்னலை மூடிக்கொண்டு. இன்று பெலார்மினோ கீழே தெருவிலிருந்து கத்தினான்:

"தோன் மில்டன். ஜெரேனியத்துக்கு என்ன உரம் போட்டீங்க?"

"அது செத்து ரெண்டு வருஷமாச்சுடா."

"அப்ப பேயா வந்திருக்கு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். காய்ந்த ஜெரேனியக் குச்சிக்குப் பக்கத்தில், மாத்தே சக்கை மேட்டிலிருந்து, ஒரு சாண் உயரத்துக்கு ஒன்று நிற்கிறது. இலை ஐந்து விரலாகப் பிரிந்திருக்கிறது, ஓரமெல்லாம் ரம்பப் பல். தண்டில் ஊதா. நோட்டரியின் தண்டில் அந்த ஊதா இருந்தது, உனக்கு நினைவிருக்கும்.

மிதந்த விதை. செத்தது, எறிந்துவிடு என்று நீ சொன்னது. உன் கட்டளைகளில் நான் அப்படியே நிறைவேற்றியது அது ஒன்றுதான்.

அன்றைக்குப் படுக்கப் போகும்போது டம்ளரைக் குழாயில்தான் பிடித்தேன்; அந்த நேரத்தில் பிளாஸ்க் காலி. அதன்பின் அந்த விதையை நான் கவனிக்கவே இல்லை. மழை கவனித்திருக்கிறது.

பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியைப் பெலார்மினோவிடம் கொடுத்துவிட்டேன். நான் கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது என்ன செய்ய வேண்டும்? எதுவும் செய்ய வேண்டாம் என்றால், அதை எப்படிச் செய்வது?

மில்டன்

*

சான் கிரிகோரியோ, 11 நவம்பர்

மில்டன்,

பிரசவத்திலும் இப்படி ஒன்றிரண்டு நடந்ததுண்டு. முடிந்தது என்று துணியில் சுற்றி ஓரமாக வைத்தது, நான் கை கழுவித் திரும்புவதற்குள் கத்தும். அப்போது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பேன். இப்போது விதையிடம் கேட்கிறேன். உன்னிடம் இல்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அந்த வயதில் அதை இடம் மாற்றக் கூடாது, உன் பொறுப்பில் விடவும் கூடாது. ஆகவே நான் உன் வீட்டில் இருப்பேன். நீ என் வீட்டில் இருப்பாய். செனட்டருக்கு ஆள் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அது உட்கார்ந்தபடியே தூங்கும், எழுப்பாதே. அதனால்தான் அந்தப் பெயர். கோழிகள் மூன்று. அவற்றுக்குக் குழாய்த் தண்ணீர்.

பூ முற்றும் வரை இந்த ஏற்பாடு. பஸ் நிலையத்தில் சாவி மாற்றிக்கொள்ளலாம். அங்கே பேச வேண்டியதில்லை.

நிபியா

*

சான் கிரிகோரியோ, 20 ஜனவரி

நிபியா,

பஸ் நிலையத்தில் பேச வேண்டியதில்லை என்றாய், பிறகு நாற்பது நிமிடம் பேசினாய். நான் குறுக்கிடவில்லை. நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. சொல்லிவைக்கிறேன்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது எழுதிக் கொடுத்தால் பத்திரிகையில் வெட்டியிருப்பேன், செய்தி இல்லை என்று. இப்போது வெட்டத் தோன்றவில்லை. காலையில் ஆற்றில் நீச்சல் என்ற பெயரில் நிற்கிறேன். மதியம் செனட்டர் அவையைக் கூட்டுகிறது, நானும் கலந்துகொள்கிறேன்.

ரொட்டிக் கடைக்காரி கேட்டாள்: "நீங்க நிபியாவோட அண்ணனா?"

"முன்னாள் புருஷன்."

"ஓ, அந்தப் பிளாஸ்க்காரர்" என்று உள்ளே திரும்பிக் கணவனையும் கூப்பிட்டுக் காட்டினாள். அதன்பின் கடனுக்குக்கூட ரொட்டி தருகிறார்கள்.

செடி ஆணா பெண்ணா தெரிந்ததா? ஆணாக இருந்தால் பூ இல்லை என்று பெலார்மினோ பயமுறுத்தியிருந்தான். இரண்டு மாதமாக அதை நினைத்துக்கொண்டுதான் கோழிகளுக்குத் தீனி போடுகிறேன்.

உன் சட்டை ஒன்று கொடியில் இருந்தது. பித்தான் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கித் தைத்து வைத்திருக்கிறேன். நேராக வரவில்லை.

மில்டன்

*

மொந்தேவிதேயோ, 12 ஏப்ரல்

மில்டன்,

பெண்தான் என்று பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டது. உன்னைக் கொஞ்சம் காக்க வைத்தேன். கொண்டைக்கடலைக்கும் சேர்த்து.

போன வாரம் பூவை அறுத்தேன். இதோ ஒரு செய்தி, நல்லதா கெட்டதா என்று நீயே முடிவு செய்துகொள். பூவுக்குள் விதை. ஆண் செடி பக்கத்தில் இல்லாமல் விதை வராது என்பது உனக்கும் தெரியும். பெலார்மினோவைக் கூப்பிட்டேன்.

"மாடில என்ன வளக்கிறே?"

"தக்காளி, தோன்யா."

"தக்காளிக்கு மகரந்தம் இங்க வரைக்கும் பறக்குமா?"

தொப்பியைக் கழற்றினான். "ஒண்ணே ஒண்ணு ஆம்பளச் செடி, தோன்யா. பிடுங்க மனசு வரல. அதும் பாவம், காத்து வாங்கிட்டு நின்னுது."

பூ கொஞ்சம் வீரியம் குறைந்துவிட்டது. களிம்பு பழையதைப் போல இல்லை, ஆனால் கை ஒத்துக்கொள்கிறது. இன்று காலை ஐந்து பித்தானையும் நானே போட்டேன், பிறகு கழற்றி மறுபடி போட்டேன். டப்பா நிறைய விதை. இனி நோட்டரி சுத்த வம்சம் இல்லை, பாதி மாடிக்காரன். நாம் மட்டும் என்ன சுத்த வம்சமா.

உன் வீட்டைப் பற்றி: இழுப்பறையைச் சரி செய்துவிட்டேன். அகராதி இரண்டையும் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டேன், எட்டாது. பால்கனி நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஐந்து மாதம் நகரம் போதும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருகிறேன், டப்பாவோடு. உன் சாவி பெலார்மினோவிடம் இருக்கும். பஸ் நிலையத்தில் மாற்றிக்கொள்ள நேரமிருக்காது, அதனால் நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். செனட்டர் உனக்குப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதை ஏன் குழப்புவானேன்.

சனிக்கிழமை எட்டு விதை நனைக்கிறேன். மிதப்பதை எறிய மாட்டேன். நீ சமையலறையில் இருக்கலாம். பிளாஸ்க் வராந்தாவில்.

இந்தக் கடிதத்தில் மூன்று பிழை இருக்கிறது. வேண்டுமென்றே விட்டது. கண்டுபிடித்தாலும் சொல்லாதே.

நிபியா